மாட்டு இதயக் கொழுப்பும் தவமணியின் இரத்தமும்

ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. இந்த நான்கு வருடத்தில் நான் வேலை செய்த ஆஸ்பத்திரியில் இருந்து எனக்கு இரண்டே இரண்டு தடவைதான் தொலைபேசி வந்தது. முதல் தடவை, குளிர்சாதனப் பெட்டியின் சாவி எங்கே என்று கேட்டார்கள். இரண்டாவது தடவை போன மாதம். ஆய்வுகூடத்தில் ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்களாம்.

“மிஸ், உங்க இனிமையான அனுபவங்கள ரெண்டு பக்கத்துக்கு எழுதித் தாங்களேன்” என்று கேட்டாள், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் சுகன்யா.

இனிமையான அனுபவமாம்! முப்பத்திரண்டு வருடம் மலமும் சளியும் சிறுநீரும் இரத்தமுமாகப் புழங்கியவளிடம் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். சீனி வியாதிக்காரர்களின் சிறுநீரைத் தவிர வேறெதிலும் நான் இனிமையைக் கண்டதில்லை. அதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, “அப்ப மலேரியா பத்தி எழுதுங்க மிஸ். நாங்க யாரும் புது கேஸ் பாத்ததே இல்ல. படிக்கிறப்ப காட்டின பழைய சிலைட்டுதான்” என்றாள்.

உண்மைதான். நாட்டில் மலேரியா ஒழிந்துவிட்டது. வெளிநாட்டில் இருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. என் பிழைப்பில் பாதி அந்த ஒட்டுண்ணியோடு கழிந்தது. இன்றைய பிள்ளைகள் அதைக் காணக் கிடைக்கவில்லையே என்று கவலைப்படுகிறார்கள். சரி, எழுதுகிறேன். இனிமையாக இருக்காது. மலரில் போடாவிட்டாலும் எனக்கொன்றும் குறைந்துவிடாது.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். பதுளை மாவட்டத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். நான் பூனாகலையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, படித்து, கொழும்பில் இரண்டு வருடம் பயிற்சி எடுத்தவள். அந்த இரண்டு வருடத்தில் நரம்பு தேடி ஊசி குத்தவும், நுணுக்குக்காட்டியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே மறு கண்ணால் பார்த்து எழுதவும், சிங்களத்தில் சண்டை போடவும் கற்றுக்கொண்டேன். மூன்றும் பிற்பாடு பயன்பட்டன. மூன்றாவதுதான் அதிகம்.

எனக்கு மேலதிகாரி சபாநாதன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. வேலை செய்தால்தானே அழுக்காகும் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது பொய். அந்த மனிதர் ஒரு முடிவைக்கூடப் பிழையாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அதுதான் அவரிடம் இருந்த பெரிய தொல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“பூனாகலையோ? தோட்டத்துப் பிள்ளையோ? பரவாயில்லை, கை சுத்தமாய்த்தான் இருக்கு.”

பாராட்டு என்று நினைத்து ஒரு வாரம் சந்தோஷமாகத் திரிந்தேன். அடுத்த வாரம்தான் உறைத்தது. உறைத்த பிறகு சொல்ல ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் ஓய்வு பெறும் வரை அதைச் சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

அவருடைய சட்டைப்பையில் இரண்டு பேனாக்கள் இருக்கும். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. நோயில்லை என்ற முடிவு நீல மையில், நோய் உண்டு என்ற முடிவு சிவப்பு மையில். எந்தச் சுற்றறிக்கையிலும் இது கிடையாது. சேரின் சொந்தச் சட்டம். கிளினிக்கில் டொக்டர்மார் நூறு சீட்டுகளுக்கு நடுவில் அவசரமாகப் புரட்டும்போது ஒன்றும் தவறிப்போகக் கூடாது என்பதற்காக அவரே கண்டுபிடித்தது. நல்ல ஏற்பாடு. டொக்டர்மார் மட்டும் சீட்டைப் பார்க்கிற நாடாக இருந்திருந்தால் மிக நல்ல ஏற்பாடு.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார்.

“பிள்ளை, எங்கட வேலை பாக்கிறது, எழுதிறது. யோசிக்கிறது டொக்டர்மாரின்ர வேலை. மூண்டையும் ஒராள் செய்தால் பிறகு அவங்களுக்குச் சம்பளம் எதுக்கு?”

இப்போது வி.டி.ஆர்.எல். பரிசோதனை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் செய்வோம். சிபிலிஸ் என்கிற பாலியல் நோய் இருக்கிறதா என்று பார்ப்பது. தாய்க்கு இருந்தால் பிள்ளையையும் தாக்கும், முன்னாலேயே கண்டுபிடித்தால் ஊசியோடு போய்விடும். அதனால் அவசியமான பரிசோதனைதான், நான் குறை சொல்லவில்லை.

செய்முறையைச் சொல்கிறேன், சுகன்யாவுக்கு இது பிடிக்கும். இரத்தத்தை உறையவிட்டு மேலே தெளிகிற மஞ்சள் நீரை எடுத்து, வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். ஐம்பத்தாறு பாகை, கூடினால் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. பரிசோதனை மருந்தை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். போத்தலை மேசையில் வட்டமாகச் சுழற்றிக்கொண்டே துளித்துளியாக விட வேண்டும். சுழற்றுகிற கை நின்றால் அன்றைய மருந்து குப்பைக்கு. பிறகு வட்டங்கள் போட்ட கண்ணாடித் தகட்டில் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒருத்தியின் நீர், அதன் மேல் ஒரு துளி மருந்து. நான்கு நிமிடம் ஆட்டிவிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நோயில்லாதவளின் வட்டத்தில் மருந்து நுண்ணிய துகளாகப் பரவிக் கிடக்கும். இருக்கிறவளின் வட்டத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாக நிற்கும்.

அந்த மருந்து என்ன தெரியுமா? மாட்டின் இதயத்தில் இருந்து எடுத்த ஒரு கொழுப்பு. மாட்டிறைச்சியை வாசலுக்குள் எடுக்காத எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு நல்லவள், கெட்டவள் என்று சான்றிதழ் கொடுத்தது மாட்டு இதயம்தான். இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கிளினிக் காலியாகியிருக்கும்.

இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமி வந்ததும் உடம்பு உண்டாக்குகிற பிறபொருளெதிரிகளைத்தான் தேடுகிறது. வெளியில் இருந்து வந்ததைப் பிடித்துக் கொடுக்க உடம்பு தயாரிக்கிற காவல்காரர்கள் அவை. ஆனால் காவல்காரர்களில் சிலருக்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை. மாட்டு இதயத்தில் உள்ள அதே கொழுப்பு நம் உடம்பின் உயிரணுக்களிலும் இருக்கிறது, இதயத்தில் நிறையவே இருக்கிறது. சிபிலிஸ் வந்தால் அந்தக் கொழுப்பின் மேல் பாய்கிற பிறபொருளெதிரிகள் உண்டாகும். சிபிலிஸில் மட்டுமா? மலேரியாவிலும் உண்டாகும். ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டு வெளியே வர, உடம்பு பதறிப்போய் வகைதொகையில்லாமல் ஆட்களை இறக்குகிறது. அதில் சிலது ஒட்டுண்ணியை விட்டுவிட்டு நம் சொந்தக் கொழுப்பைப் போய்ப் பிடிக்கும். இன்னும் சிலது நல்ல சிவப்பணுக்களில் ஒட்டி அவற்றையும் தீர்த்துக் கட்டும். அதனால்தான் சிலருக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் இரத்தம் ஏறுவதில்லை.

ஆகவே மலேரியா வந்த ஒருத்தியின் இரத்தத்தை எடுத்து மாட்டு இதயக் கொழுப்போடு ஆட்டினால், சிபிலிஸ் என்று கண்ணாடித் தகடு கூசாமல் சொல்லும். இது எனக்குத் தெரியாததல்ல. பாடப்புத்தகத்தில் அத்தியாயத்தின் கடைசியில் இருந்தது. பரீட்சைக்கு வந்து, எழுதி, புள்ளியும் வாங்கியிருந்தேன். புள்ளி வாங்கியதோடு அதன் வேலை முடிந்தது என்று மூளை நினைத்துக்கொண்டது போல.

தவமணியின் இரத்தம் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கிளினிக்கில் இருந்து மற்றப் பதினைந்து கர்ப்பிணிகளின் இரத்தத்தோடு வந்தது. அவளுடைய வட்டத்தில் கட்டிகள் நின்றன. ஆனால் பெரிய கட்டிகள் இல்லை. சின்னச் சின்னதாய், நிற்கலாமா போகலாமா என்று யோசிக்கிற மாதிரி. ஒரு மடங்கு நீர்க்கவைத்துப் பார்த்தேன், இருந்தது. இன்னொரு மடங்கு நீர்த்ததும் மறைந்துவிட்டது.

“சேர், இது பலவீனமாத்தான் இருக்கு. ‘வீக்’னு எழுதவா?”

சேர் வந்து பார்த்தார். அரை நிமிடம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“வீக் எண்டு எழுதினால் டொக்டர் சும்மா விட்டிடுவார். பிள்ளை பிறக்கேக்க நோயோட பிறந்தால் நீரோ வளக்கப் போறீர்? ரியாக்டிவ் எண்டு எழுதும்.”

“பொய்யா வந்திருக்கவும் கூடுமே சேர்? கொழும்புக்கு அனுப்பி உறுதிப்படுத்திட்டு—”

“அதை டொக்டர் கேட்டால் அனுப்புவம். நாங்கள் யோசிக்கிறேல்ல.”

ரியாக்டிவ் என்றால் மருந்தோடு எதிர்வினை உண்டு என்று அர்த்தம். சிவப்புப் பேனாவை நீட்டினார். வாங்கினேன். எழுதினேன். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. தப்பவிடுவதைவிட எச்சரிப்பது மேல். ஆனால் எழுதியது என் கை. அவர் மெச்சிய அந்தச் சுத்தமான கைதான்.

சீட்டு தோட்டத்துக்கு எப்படிப் போகிறது என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. லயத்தில் பிறந்தவள் நான்; எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளினிக் சீட்டுகள் எல்லாம் ஒரே உறையில் தோட்டத்து ஆபீசுக்குத் தபாலில் போகும். ஆபீசில் கிளாக்கர் உறையைப் பிரிப்பார். அப்புறம் ஒவ்வொருத்தியையும் தேடிப்போய்க் கொடுக்க அவருக்கென்ன வேறு வேலை இல்லையா? விடியற்காலையில் எல்லோரும் பேர் கொடுத்து அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்ளக் கூடுகிற இடம் பெரட்டுக்களம். கடிதம், ரேஷன் செய்தி, கோயில் வரி எல்லாம் அங்கேதான். கர்ப்பிணிகளின் சீட்டும் அங்கேதான், பேர் கூப்பிட்டு.

பதினைந்து சீட்டு நீலம். ஒன்று சிவப்பு.

கிளாக்கர் கெட்டவர் இல்லை. உதவி செய்கிற எண்ணத்தில்தான் உரக்கச் சொல்லியிருக்கிறார்: “ஏ தவமணி, ஒனக்கு மட்டும் செவப்புல வந்திருக்கு. மருந்தையாகிட்ட காட்டு.” மருந்தையா, அதாவது தோட்டத்து டிஸ்பென்சர், சீட்டைப் பார்த்துவிட்டு, புருஷனைக் கூட்டிக்கொண்டு வா என்று ஆள் அனுப்பினாராம். அதுவும் முறைப்படி சரிதான்; கணவனுக்கும் பரிசோதிக்க வேண்டும். புருஷன் முருகேசு வந்தான். விஷயத்தைக் கேட்டான். தன் இரத்தத்தைக் கொடுக்க மாட்டேன் என்றான். “சீட்டு அவளுக்குத்தானே வந்திருக்கு?” என்றானாம். என்ன ஒரு சட்டஞானம்! அன்று பின்னேரமே தவமணியின் துணிமூட்டை காம்பராவுக்கு வெளியே வந்தது. கொழுந்து நிறுத்து முடிவதற்குள் நான்கு லயத்துக்கும் விஷயம் போய்விட்டது. இத்தனை சரியான ஆட்கள் சேர்ந்து ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்தியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே வந்து சொன்னாள். மூன்று கிழமை கழித்து ஒரு நாள், ‘உட்செல்லத் தடை’ என்று மூன்று பாஷையில் எழுதிய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றாள். ஆறு மாத வயிறு. உதடு வெளுத்துக் கிடந்தது. மடுல்சீமையில் இருந்து பசறைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். கையில் அந்தச் சீட்டு, மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோய்.

“இந்தச் சீட்ட எழுதின ஆளப் பாக்கணுங்க.”

“நான்தான்” என்றேன்.

“நீங்களா? ஆம்பளதான் எழுதியிருப்பான்னு நெனச்சு வந்தேன்.”

அந்த நேரத்தில் எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“எனக்கு இது எங்கருந்து வந்துச்சுன்னு அதையும் எழுதிக் குடுத்துருங்க. எம் புருசனத் தவிர எனக்கு வேற ஒரு ஆளத் தெரியாது. அது எனக்குத் தெரியும், சாமிக்குத் தெரியும். இந்தக் காயிதத்துக்குத் தெரியலையே. மருந்தையா ஊசி போட்டாரு. பொறுத்துக்கிட்டேன். நொண்டி நொண்டி மலையேறி கொழுந்து எடுத்தேன். ஆனா எங்க மாமியா, புள்ள யாருதுன்னு கேக்குது. அதுக்கு ஊசி இருக்காங்க?”

சபாநாதன் சேர் தன் மேசையில் இருந்து தலையை நிமிர்த்தினார். “பிள்ளை, வெளியாக்கள் உள்ள வரக்கூடாது” என்றார். சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். ஆனால் போகச் சொல்லவில்லை, அதையும் எழுதிவிட வேண்டும்.

அவளுடைய வெளுத்த உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அத்தியாயக் கடைசியில் படித்த அந்த மலேரியா விஷயம் எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னால் வெட்கக்கேடு, மூன்று கிழமைக்குப் பிறகு.

“காச்சல் ஏதும் வந்துச்சா தவமணி?”

“யாருக்குத்தான் காச்ச வரல?”

“குளிர் நடுக்கத்தோட, விட்டு விட்டு?”

யோசித்தாள். கொழுந்து குறைந்த மாதங்களில் மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்ததாகச் சொன்னாள், புருஷனோடும் அண்ணன் குடும்பத்தோடும். அங்கே ஒரு தடவை கட்டில் ஆடுகிற மாதிரி நடுங்கியிருக்கிறது. திரும்பி வந்த பிறகும் இரண்டு மூன்று தடவை.

“மருந்தையாகிட்ட சொல்லலையா?”

“சொன்னேங்க. மலையில இருக்கிறவங்களுக்கு அந்தக் காச்ச வராது, இது பனிக் காச்சன்னு பெனடோல் குடுத்தாரு.”

மலையில் மலேரியா இல்லை. அது அந்தக் காலத்தில் ஊவா மாகாணம் முழுவதும் சகலருக்கும் தெரிந்த உண்மை. கீழே மொனராகலையில் இருந்து ஒருத்தர் காய்ச்சலோடு வந்தால் முதலில் விரலில் குத்துவோம். தேயிலைத் தோட்டத்து விலாசம் எழுதியிருந்தால் குத்த மாட்டோம். ஒட்டுண்ணியும் விலாசம் பார்த்துத்தான் ஏறும் என்று ஆஸ்பத்திரி முழுக்க நம்பியிருந்தது. வேலை தேடி மலையில் இருந்து இறங்கிப் போய்த் திரும்பி வருகிற சனம் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாதா? என் சொந்தச் சித்தப்பா குடும்பம் போய் வந்திருக்கிறது! கேட்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை.

விரலில் குத்தினேன். இரத்தம் தண்ணீர் மாதிரி வந்தது. தடிப்பாக ஒரு பூச்சும் மெல்லியதாக ஒரு பூச்சும் போட்டு, காயவைத்து, சாயமேற்றி, எண்ணெய் விட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தேன். நிறையத் தேட வேண்டியிருக்கவில்லை. ஊதிப்போன சிவப்பணுவுக்குள் மோதிரம் மாதிரி, சிவப்புக் கல் வைத்து. இன்னொன்று. அங்கே இன்னொன்று. எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்த அந்தச் சனியனைப் பார்த்து என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்ட கையோடு பயமும் வந்தது. கர்ப்பிணிக்கு மலேரியா விளையாட்டில்லை. நாங்கள் இல்லாத நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த மூன்று கிழமையும் இருக்கிற நோய் அவள் இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. ஹீமோகுளோபினைப் பார்த்ததும் டொக்டரிடம் ஓடினேன்.

டொக்டர் அவளை அன்றே வார்டில் படுக்கவைத்தார். மலேரியாவுக்குக் குளோரோகுயின் கொடுத்தார்கள், இரத்தமும் ஏற்றினார்கள். வயிற்றில் பிள்ளை அசைவு இருக்கிறது என்றார்கள். கொழும்புக்கு உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி டொக்டரிடமே எழுதி வாங்கினேன், சேரின் சட்டப்படி. அந்தப் பரிசோதனை கொழுப்பைப் பார்ப்பதில்லை, சிபிலிஸ் கிருமிக்கென்றே உண்டாகிற பிறபொருளெதிரியைத்தான் பார்க்கும். முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வார்டில் இருந்த நாட்கள் போக, அந்த ஒரு மாதமும் தவமணி தோட்டத்தின் இன்னொரு பிரிவான மேல் டிவிசனில் அண்ணன் காம்பராவில் இருந்தாள். முருகேசு ஒரு நாள் வந்து, முடிவு வரட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனானாம். பெருந்தன்மை!

முடிவு வந்தது. சிபிலிஸ் இல்லை. எங்கள் வி.டி.ஆர்.எல்லையும் திரும்பச் செய்தேன். மலேரியா அடங்கியதும் கட்டிகளும் கரைந்துபோயிருந்தன.

நான் ஒரு திருத்தக் கடிதம் எழுதி சேரின் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன்.

“என்னத்தைத் திருத்திறது?” என்றார். “நாங்கள் பிழை விடேல்லையே. ரியாக்டிவ் எண்டு எழுதினம். ரியாக்டிவ்தான் இருந்தது.”

அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. அதுதான் எனக்குத் தலைக்கேறியது.

“ஆமா சேர். நீங்களும் சரி, நானும் சரி, கிளாக்கரும் சரி, மருந்தையாவும் சரி. அந்தப் பிள்ள மட்டுந்தான் பிழை. ஏழு மாச வயித்தோட அண்ணன் வீட்டுத் திண்ணப் பாய்ல படுத்துக் கெடக்குது. யோசிக்கிறது நம்ம வேலை இல்லன்னா, யோசிக்காம இவ்வளவு செய்ய முடியுதே, அதுக்கு யாரு சேர் பொறுப்பு?”

 இடமாற்றக் கடிதம் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எழுதியிருந்த கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். புதுத் தாள் ஒன்று எடுத்து, சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவால், தன் அச்சுப் போன்ற கையெழுத்தில், இன்னாருக்குச் சிபிலிஸ் நோய் இல்லை, முன்னைய முடிவு மலேரியாவால் ஏற்பட்டது என்று தமிழில் எழுதினார். முத்திரை குத்தி என்னிடம் தந்தார்.

“நீலத்தில எழுதினால் ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்” என்றார்.  சேரைப் பற்றி என்ன சொன்னாலும் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்தத் தாளை உறையிலிட்டுத் தபாலில் அனுப்பியிருக்கலாம். கிளினிக்குக்கு வந்த தவமணியிடம் அப்படித்தான் சொன்னேன், இரகசியமாகக் கையில் தந்துவிடுகிறேன் என்று. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“எல்லாரு முன்னாடியும் வாசிச்சாங்கள்ல? எல்லாரு முன்னாடியும் வாசிக்கணும். கிளாக்கர் ஐயா வாசிச்சா முழுங்கிருவாரு. நீங்க வாங்க மிஸ். எழுதினது நீங்கதானே?”

இதற்கு லீவு போட என்ன காரணம் எழுதுவது? சொந்த விஷயம் என்று எழுதினேன். முதல் நாளே போய்த் தோட்டத்து மருத்துவமாதின் வீட்டில் தங்கி, விடிந்ததும் பெரட்டுக்களத்துக்குப் போனேன். மூடுபனியில் முன்னால் நிற்பவர்களைத் தவிர மற்றவர்கள் வெறும் கம்பளிகளாகத்தான் தெரிந்தார்கள். கிளாக்கர் என்னைப் பார்த்ததும், “மிஸ், இது ஆஸ்பத்திரி விசயம். இங்க வச்சுப் பேசுறது நல்லா இல்லையே” என்றார்.

“அன்னைக்கு இங்க வச்சுக் கூப்பிட்டது எந்த விசயம் ஐயா?” என்றேன். அவர் ஒதுங்கி நின்றார்.

வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். பின்னால் இருந்து ஒரு கிழவி, “அப்ப செவப்புல வந்தது பொய்யா தாயி?” என்று கேட்டாள்.

“பொய் இல்லம்மா. அவளுக்கு வந்தது மலேரியா. உள்ள ஒரு கள்ளன் பூந்துட்டான். அவனப் பிடிக்க ரத்தத்துல இருந்து ஆள் கெளம்புது. இருட்டுல கம்பத் தூக்கிக்கிட்டு ஓடுறவன், கள்ளன் போட்டிருந்த மாதிரி சட்ட போட்டவன் யாரக் கண்டாலும் அடிப்பான்ல? வீட்டு ஆளுன்னும் பாக்க மாட்டான். அந்த மாதிரி அவ ரத்தம் அவ ஒடம்பையே அடிச்சிருச்சு. நாங்க அந்த அடிதடியப் பாத்துட்டு வேற நோய்னு எழுதிட்டோம். அவ மேல ஒரு தப்பும் இல்ல.”

தலைகள் ஆடின. ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னாள். “அட, அப்பிடியா சங்கதி” என்றார் ஒரு கங்காணி, ஏதோ கறி ருசியாக இருந்ததைக் கேட்ட மாதிரி. மாமியார்க்காரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். இத்தனை வருடப் படிப்பை மூன்று நிமிடத்தில் பெரட்டுக்களத்துக்குப் புரியவைத்துவிட்டேனே!

முருகேசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். தலையைக் குனிந்துகொண்டு, “சரி, நடந்தது நடந்துருச்சு. மூட்டய எடுத்துக்கிட்டு காம்பராவுக்கு வா” என்றான். எல்லோரும் தவமணியைப் பார்த்தார்கள். கிளாக்கர்கூடச் சிரித்தார். கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

தவமணி அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“எல்லாம் வெளங்குச்சுங்க மிஸ். ரத்தத்துக்குக் கண்ணு இல்ல. இருட்டுல யாரு எவருன்னு தெரியாம என்னைய அடிச்சிருச்சு. அதுமேல எனக்குக் கோவம் இல்ல.” கையை நீட்டி, கம்பளிகளை எல்லாம் சேர்த்து ஒரு வட்டமாகக் காட்டினாள். “இவங்களுக்கு என்னையப் பொறந்ததுல இருந்து தெரியுமே.”

 கள்ளன், கம்பு, சட்டை என்று கதை சொன்ன நான் கையில் இருந்த தாளை மடித்தேன்.

அவள் கிளாக்கர் பக்கம் திரும்பினாள். “ஐயா, எம் பேர இந்தப் பெரட்டுல இருந்து வெட்டிட்டு எங்க அண்ணன் டிவிசன்ல போடுங்க.”

“அதுக்குத் தொரைகிட்ட கேக்கணுமே” என்றார் அவர்.

“கேளுங்க” என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மேல் டிவிசனுக்குப் போகிற குறுக்குப் பாதையில் ஏறிப் போனாள்.